சருமத்தின் சுபாவம்

இரத்தினபுரியிலிருந்து கலவானைக்குச் செல்லும் வழியில், தேயிலையும் றப்பரும் மாறிமாறி வர, இடையிடையே இரத்தினக்கல் அகழ்ந்த குழிகள் நீர் தேங்கிக் கிடக்க, மலைச்சரிவுகளுக்கு நடுவே அமைந்திருக்கும் நிவித்திகல, மனிதத் தோலுக்கு இலகுவான ஊர் அன்று. இரத்தினபுரிப் பிரதேசத்தில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை விட்ட வேளையிலோ, பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்குள் அடங்கிய இந்நிலத்தின் உச்சிக்கு வரும் சூரியனுடைய புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் பல நாட்களில் 11ஐத் தாண்டிவிடுகிறது. காலையில் பனி நனைத்த கொழுந்திலும், நண்பகலில் மலையில் விழும் வெயிலிலும், மாலையில் பீலித் தண்ணீரிலும் பழகிய தோட்டத்து மக்களின் தோலுக்கும், ஊர்ப் பாமசியின் கண்ணாடி அலமாரியில் நிற்கும் கிறீம்களைச் செய்தவர்கள் மனத்திற்கொண்ட தோலுக்கும் உள்ள தூரம் சாமானியமானதன்று. அவற்றுட் சில குளிர்நாட்டு வறட்சிக்கென்றும், சில வெள்ளையர் முகத்துச் சுருக்கத்துக்கென்றும், மிகப் பல நம்முடைய நிறத்தையே ஒரு வியாதியாக எண்ணி அதைப் போக்குவதற்கென்றும் ஆக்கப்பட்டவை. ஆதலால் எந்தப் பதார்த்தம் உயர்ந்தது என்று வினவுவதற்கு முன்னர், எவருடைய தோலுக்கு, எந்தச் சீதோஷ்ணத்தில், எந்தக் குறையை நோக்கி என்று வினவுவதே முறையாகும்.

தோலின் வெளிப்புறப் படலம், உயிர் நீத்த அணுக்கள் பதினைந்து இருபது அடுக்குகளாகப் படிந்து உண்டானது; கன்னத்திலும் முன்கையிலும் அதன் மொத்தக் கனம் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். இத்துணை மெல்லிய ஏடு உடம்பின் நீரை உள்ளே காத்து, வெளியிலிருக்கும் கிருமியையும் நஞ்சையும் வெளியிலேயே நிறுத்துகின்ற வித்தையை விளக்குவதற்கு, கலிபோர்னியாவைச் சேர்ந்த பீட்டர் இலையாஸ் என்னும் சரும வைத்தியர் 1980களில் செங்கற்சுவரை உவமை காட்டினார். அணுக்கள் செங்கற்கள், அவற்றைப் பிணைக்கும் சாந்து, செராமைட், கொலஸ்திரோல், கொழுப்பமிலம் என்னும் மூவகைக் கொழுப்பாலானது, சாந்தின் எடையில் ஏறத்தாழப் பாதி செராமைட். கல் எவ்வளவு உறுதியாயிருந்தாலும் சாந்து உதிர்ந்துபோனால் சுவர் ஒழுகத் தொடங்கும். நாம் விலை கொடுத்து வாங்கும் ஈரப்பசைக் களிம்புகள் யாவும், அவற்றின் மூடியில் எந்தப் பழத்தின் படம் போட்டிருந்தாலும், இந்தச் சாந்தைப் பூசவோ, பூசிய சாந்து உதிராமல் மேலே ஒரு படலம் போடவோ முயல்கின்ற முயற்சிகளே.

அந்தப் படலத்துக்கு இயல்பாகவே சற்றுப் புளிப்பு உண்டு. 1928ஆம் ஆண்டில் ஷாடே, மார்க்கியோனினி என்னும் ஜெர்மானியர் இருவர், ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு அமிலத்தன்மை உடையது என்று அளந்து எழுதினர். இன்றைய அளவைப்படி அதன் பிஎச் எண் பெரும்பாலும் 5ஐச் சுற்றி நிற்க, கட்டிச் சவர்க்காரத்தின் நுரையோ 9, 10 என்று காரத்தின் பக்கமாக வெகுதூரம் போய்விடுகிறது. கொழுந்து பறித்த கையில் ஏறிய கறையைப் போக்க உடுப்புச் சவர்க்காரத்தால் நாளுக்கு மூன்று முறை தேய்ப்பவருக்கும், றப்பர்ப் பாலை உறையவைக்கும் போர்மிக் அமிலத்தில் கை நனைய நிற்பவருக்கும், விரலிடுக்கில் வெடிப்பும் அரிப்பும் காண்பது இந்த இயல்பான அளவு குலைவதாலேதான். இவர்களுக்கு வாசனையுள்ள கிறீம் எதுவும் வேண்டியதில்லை. 1872இல் காப்புரிமை பெற்று இன்றுவரை தோற்காமல் நிற்கும் வசலினை, கை கழுவி ஈரம் முற்றும் உலர்வதற்கு முன்பே தடவிக்கொண்டால், தோலிலிருந்து நீர் ஆவியாகப் போவதை அதைப்போல் தடுக்கக்கூடிய தாவர எண்ணெய் ஒன்றும் இல்லை. மலிவான பொருள் என்பதனாலேயே அதனை அவமதிப்பவர் பலர். அதே வசலினை, எண்ணெய் வழியும் பதினாறு வயதுப் பெண்ணின் நெற்றியில், நிவித்திகலையின் புழுக்கத்தில் அப்பினால், வியர்வைக்குப் போக வழியின்றி வேர்க்குரு போடும். அவளுக்கு வேண்டியது, கிளிசரின் கலந்த, நீரை அடிப்படையாகக் கொண்ட, மெல்லிய ஜெல் போன்றதொன்று. கைக்கும் முகத்துக்கும், தாய்க்கும் மகளுக்கும் ஒரே டப்பாவைப் பங்கிடும் வழக்கம் சிக்கனமாகத் தோன்றினாலும் சருமத்தின் சுபாவத்துக்கு ஒவ்வாதது.

இனி நிறத்துக்கு வருவோம். நிறமிகளை ஆக்கும் அணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறமியின் அளவிலும், அதனைச் சுமக்கும் சிறு பொதிகளின் பருமனிலும், அப்பொதிகள் அண்டை அணுக்களுக்குள் பரவிக் கிடக்கும் விதத்திலுமே வேறுபாடு இருக்கிறது. 1979இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, கறுப்பினத்தவரின் மேற்றோல், புற ஊதாக் கதிர்களில் சுட்டெரிக்கும் பகுதியில் 7.4 விழுக்காட்டையே உள்ளே விடுகிறது என்றும், வெள்ளையரின் மேற்றோல் 24 விழுக்காட்டை விட்டுவிடுகிறது என்றும் அளந்து காட்டியது. நம்மவரின் தோல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே நிறம் என்பது பிறப்போடு வந்த குடை. அதனைச் சுரண்டி எறியக் காசு செலவழிப்பது விசித்திரமான காரியம்.

பொஸ்ரன் நகரத்து வைத்தியர் தோமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், சோரியாசிஸ் நோயாளிகளுக்கு எவ்வளவு கதிர்ச்சிகிச்சை அளிப்பது என்று தீர்மானிக்கும் பொருட்டு, வெயிலில் தோல் சிவந்து வேகிறதா, கறுக்கிறதா என்ற கேள்வியை ஆதாரமாகக் கொண்டு, 1975இல் தோலை வகைப்படுத்தினார். அந்தப் பட்டியலில் முதலில் வெள்ளைத் தோலுக்கே இடம் இருந்தது. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம் ஆறாம் வகைகள் பின்னரே சேர்ந்தன. தமிழரிற் பெரும்பாலோர் நான்கு, ஐந்து என்னும் வகைகளுள் அடங்குவர். இவ்வகைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. களிம்பு தேர்வு செய்பவர் வேறெதை மறந்தாலும் இதை மறத்தலாகாது. எந்த நோவு நேர்ந்தாலும் அது கறுத்துக் காட்டும். வெள்ளைத் தோலில் பரு ஆறினால் சிவப்புத் தழும்பு சில வாரம் நின்று மறையும். நம்முடைய தோலிலோ பரு போன பிறகும் அதன் கரிய நிழல் மாதக்கணக்கில் நிற்கும். கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் மாட்டி ஆண்டுக்கணக்காக மலையேறிய பெண்ணின் நெற்றியின் மேல்விளிம்பைக் கிட்ட நின்று பார்த்தால், கயிறு அழுந்தும் இடத்தில் தோல் தடித்து, சுற்றியுள்ள நிறத்தைக் காட்டிலும் இருண்டு, ஒரு பட்டை ஓடுவது தெரியும். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து ஆறிய கணுக்காலிலோ, மிளகளவான கரும்புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். இவை அழுக்கல்ல, தேய்த்தால் போகிறவையும் அல்ல. தேய்ப்பதே காரணமாயிருக்கும்போது, பீர்க்கங்கூடும் கருங்கல்லும் கொண்டு மேலும் தேய்ப்பது, தீயை அணைக்க எண்ணெய் வார்ப்பதாக முடியும். கயிற்றுக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வைப்பது எந்தக் களிம்பினும் அதிகம் உதவும்.

நோவுக்கெல்லாம் கறுக்கும் இதே சுபாவத்தால், பட்டணத்து அழகு நிலையங்களில் செய்யப்படும் வீரியமிக்க அமிலத் தோலுரிப்பும், பொருந்தாத லேசர்க் கதிரும் நமக்கு இரட்டிப்பு ஆபத்துடையவை. எந்த அலைநீளம் தோலில் எதனைத் தேர்ந்து சுடும் என்னும் தத்துவத்தை 1983இல் அண்டர்சன், பாரிஷ் என்னும் இருவர் வகுத்தனர். அதன்படி, குறுகிய அலைநீளமுள்ள கதிர், முடிவேரைத் தேடிச் செல்லும் வழியில் மேற்றோலின் மெலனினிலேயே சிக்கி அதனைச் சுட்டுவிடும். 1,064 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிரோ, மெலனினை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் ஆழத்துக்கு இறங்கும். முடி நீக்கவோ மறு நீக்கவோ செல்பவர், கருவியின் விலையையும் அறையின் குளிரூட்டியையும் பார்த்து மயங்காமல், இந்த எண்ணை விசாரித்தால் போதும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

பிள்ளை பெற்ற பெண்களின் இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் படர்கின்ற மங்கு, இந்தக் கறுக்கும் சுபாவத்தின் இன்னொரு தோற்றம். கர்ப்பத்தாலும் கருத்தடை மாத்திரையாலும் உடம்பின் சுரப்புகள் மாறும்போது தோன்றி, வெயிலால் வேரூன்றுவது அது. நெடுங்காலம் புற ஊதாக் கதிரையே குற்றவாளி என்று எண்ணியிருந்தோம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, அதிலும் ஊதாவும் நீலமுமான பகுதியே, பழுப்புத் தோலைக் கறுக்கச் செய்து அக்கறுப்பை நிலைநிறுத்தும் என்பது 2010க்குப் பின்னரே தெளிவாயிற்று. சாதாரணச் சன்ஸ்கிறீன் புற ஊதாவைத் தடுக்குமே ஒழிய, கண்ணாடியூடே வெளிச்சம் போவதுபோல் நீலத்தை உள்ளே விட்டுவிடும். அதனைத் தடுப்பது, காவி மண்ணுக்கு நிறம் கொடுக்கும் அதே இரும்பு ஒட்சைட்டு. ஆகையால் மங்கு உள்ளவர் வாங்க வேண்டியது, தோலின் நிறத்தை ஒத்த சாயம் ஏற்றிய சன்ஸ்கிறீன். ஆனால் சதுர சென்றிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசினால்தான் உறையில் எழுதிய பாதுகாப்பு கிடைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, வியர்வையில் கரையக் கரையப் பூசிக்கொண்டே இருப்பது, நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவருக்கு ஆகக்கூடிய காரியமா? ஆகாது. அவர் தலைக்குமேல் போர்த்து நெற்றியை மறைத்துக் கட்டும் அடர்த்தியான முக்காட்டுத் துணியும், அதன்மேல் அகன்ற விளிம்புள்ள தொப்பியும், மெல்லியதாகப் பூசிய விலையுயர்ந்த சன்ஸ்கிறீனைவிட மேலானவை. றப்பர் மரத்தின் நிழலில் அதிகாலையில் பால் வெட்டி முடித்துவிடுபவர்க்கு வெயிலின் தொல்லை அவ்வளவு இல்லை. தேயிலை மலையில் நிற்பவருக்கே இந்த விசாரம்.

ஈரமண்டலத்தில் வாழ்பவரை அதிகம் தொடர்வது மங்கைவிடத் தேமல். மார்பிலும் முதுகிலும் தோளிலும் வெளிறிய திட்டுகளாகப் படர்ந்து, சுரண்டினால் தவிடுபோல உதிரும் இதனை உண்டாக்குவது மலசேசியா என்னும் பூஞ்சணம். எல்லாருடைய தோலிலும் சாதுவாக வாழ்ந்துகொண்டிருப்பது, புழுக்கத்திலும் எண்ணெய்ப் பசையிலும் பெருகித் தேமலாகிறது. 1970களில் ரோமாபுரியில் மார்செல்லா நாஸாரோ-போரோவும் சீரோ பாஸ்ஸியும், தேமலில் தோல் ஏன் வெளிறுகிறது என்று ஆராயப் புகுந்து, இப்பூஞ்சணம் கொழுப்பைச் சிதைத்து அசெலாயிக் அமிலம் என்னும் பொருளை ஆக்குகிறது என்றும், அது மெலனின் உற்பத்திக்கு வேண்டிய நொதியைத் தடுக்கிறது என்றும் கண்டனர். தேமலின் வெளிறலுக்கு அது ஒன்றே காரணமா என்பதில் பின்வந்தவர்கள் ஐயம் எழுப்பி, வேறு பொருள்களையும் சுட்டினர். ஆனால் அமிலம் மருந்தாகிவிட்டது. இன்று 15 முதல் 20 விழுக்காடு வரையான அசெலாயிக் அமிலக் களிம்பு, பருவுக்கும் பரு விட்டுச்செல்லும் கருமைக்கும் மங்குக்கும் ஒருங்கே பயன்படுகிறது. கர்ப்பிணிகளும் பூசலாம் என்று வைத்தியர் அனுமதிக்கும் வெகு சில மருந்துகளுள் அதுவும் ஒன்று. இயல்பான நிறத்தைத் தொடாமல், மிகையாக வேலை செய்யும் நிறமி அணுக்களையே பெரும்பாலும் அடக்குகிறது. நம் தோலுக்கென்றே அமைந்தது போன்ற மருந்தை, நம் ஊரில் மலிந்து கிடக்கும் நோயொன்று தந்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

தேமல் கண்டவுடன் நம் வீடுகளில் முதலிற் கைபோவது தேங்காயெண்ணெய்க்கு. மலசேசியாவுக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே ஆக்கும் வல்லமை இல்லை. வெளியிலிருந்து வரும் கொழுப்பை உண்டே அது வாழ வேண்டும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும் லோரிக் அமிலமோ அது விரும்பி உண்ணும் வகையைச் சேர்ந்தது. எண்ணெய் தேய்க்கத் தேய்க்கத் தேமலுக்கு விருந்து. அப்படியானால் தேங்காயெண்ணெய் கெட்டதா என்றால், அதுவும் இல்லை: வறண்டு அரிக்கும் கரப்பான் கண்ட குழந்தைகளுக்கு வெர்ஜின் எனப்படும் தேங்காயெண்ணெயைத் தடவி, பிலிப்பைன்ஸ் நாட்டு வைத்தியர்கள் 2014இல் வெளியிட்ட பரீட்சையில், கனிம எண்ணெயைக் காட்டிலும் அது அதிக நன்மை செய்தது. ஒரே புட்டி, ஒரு தோலில் ஔஷதமாகவும் இன்னொரு தோலில் உரமாகவும் இருக்கிறது. தேமலுக்கு வேண்டியது கீற்றோகொனசோல் கலந்த ஷாம்பூவையோ செலீனியம் சல்பைட்டையோ திட்டுகளில் பூசிச் சில நிமிடம் வைத்துக் கழுவுவது. பூஞ்சணம் அழிந்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் பிடிக்கும் என்பதை அறியாதவர், மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி வேறொன்றுக்குத் தாவுகின்றனர்.

அடுக்களைப் பதார்த்தங்களில் தேசிக்காயைத்தான் நான் முகத்துப் பக்கமே விடமாட்டேன். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சோரலன் என்னும் வகைப் பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைக் கொப்பளிக்கச் செய்து, பின் மாதக்கணக்கில் நிற்கும் கருமையைப் பதித்துவிடும். வெண்குட்டத்துக்கு நாட்டு வைத்தியர் கொடுக்கும் கார்போகரிசியும் இதே சோரலனைக் கொண்டே வேலை செய்கிறது. நலங்குமாவில் அதனை அள்ளிப் போடுபவர், குளித்த கையோடு வெயிலில் நிற்காதிருப்பது நல்லது. மஞ்சள் தோலின்மேல் சாயம் ஏற்றுமேயன்றி, உள்ளே அதிகம் ஊடுருவுவதில்லை. தீமை குறைவு, பயனும் குறைவு. சிங்களவர் வெனிவேல் என்னும் மரமஞ்சள், சிங்கராஜ வனத்தை அண்டிய காடுகளில் கொடியாகப் படர்வது. பெர்பெரின் என்னும் அதன் மஞ்சள் பொருளுக்குக் கிருமிகளை அடக்கும் ஆற்றல் உண்டு. முகக் கிறீம்களின் பெயரில் அது இடம்பெறுமளவுக்குப் பிரசித்தமாயிற்று. காட்டில் அது அருகிவருவதை நினைக்கையில், அதனைக் காய்ச்சலுக்குக் கஷாயமாகக் குடித்த தலைமுறை சிக்கனமாகவே பயன்படுத்தியது என்று தோன்றுகிறது.

கடைப் பொருள்களில் நம் தோலுக்குப் பகையல்லாதவையும் உண்டு. பி3 விற்றமினின் ஒரு வடிவமான நியாசினமைட், 4 அல்லது 5 விழுக்காட்டளவில், நிறமிப் பொதிகள் அண்டை அணுக்களுக்குள் செல்வதைத் தாமதப்படுத்தி, செராமைட் உற்பத்தியையும் ஊக்குகிறது, எரிச்சல் அரிது. எண்ணெயில் கரையும் சலிசிலிக் அமிலம் 2 விழுக்காட்டில், எண்ணெய் அடைத்த மயிர்த்துளைக்குள் இறங்கிக் கரும்புள்ளியை இளக்கும். விற்றமின் ஏ குடும்பத்துப் பொருள்கள் பருவையும் சுருக்கத்தையும் கருமையையும் ஒருங்கே எதிர்ப்பவை ஆயினும், தொடக்கத்தில் தோலைச் சிவக்கவும் உரியவும் செய்வன ஆதலால், பட்டாணியளவு, ஒரு நாள் விட்டொரு நாள், இரவில் மட்டும் என்று மெல்லப் பழக்க வேண்டும். கருவுற்றவரும் கருவுற எண்ணுபவரும் அவற்றைத் தொடலாகாது. எதனையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்து, பின்பு ஒன்றன்பின் ஒன்றாக முகத்துக்கு ஏற்றுவதே விவேகம். மேற்றோல் அடியிலிருந்து புதுப்பித்துக்கொண்டு மேலே வர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகுமாதலால், ஐந்தாம் நாளில் வெற்றியோ தோல்வியோ தீர்மானிப்பது அவசரம். ஐந்தாம் நாளிலேயே முகம் பளிச்சிடுமானால் மகிழ்வதற்குப் பதிலாக அஞ்ச வேண்டும். ஏன் என்பதற்கு, றப்பரின் கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1939இல் அமெரிக்காவின் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில், றப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்தவர்களின் கைகள் வெள்ளை வெள்ளையாக நிறம் இழப்பதை ஒலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்னும் மூவர் ஆராய்ந்து, றப்பர் கெட்டுப்போகாதிருக்கச் சேர்த்த ஹைட்ரோகுவினோன் வழிப்பொருள் ஒன்றே காரணம் என்று கண்டனர். அது நிறமி அணுக்களையே கொன்றுவிடுவது. நெற்றியில் ஒட்டும் பொட்டின் பசையிலுள்ள பியூட்டைல்பீனோல், சிலருக்குப் பொட்டு வைத்த இடத்திலேயே வெண்புள்ளி உண்டாக்குவதும் இதே வழியில்தான். 2013இல் ஜப்பானியக் கம்பனியொன்று நிறம் வெளுக்கும் புதுப் பொருளென்று விற்ற ரோடோடெனோலால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வெண்திட்டு விழுந்து, பண்டங்களைத் திரும்பப் பெற நேர்ந்ததும் இதனாலேயே. ஹைட்ரோகுவினோனோ அவ்வளவு கொடிதன்று, பெரும்பாலும் மெலனினை ஆக்கும் நொதியைத் தடுப்பது. வைத்தியர் மேற்பார்வையில் சில மாதம் பூசினால் மங்குக்கு இன்றும் சிறந்த மருந்துகளுள் ஒன்று.

இவ்விடத்தில் 1975ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது சுவாரசியமானது. ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வகைப்படுத்திய அதே ஆண்டில், பிலடெல்பியாவில் அல்பேர்ட் கிளிக்மனும் வில்லிஸும், ஹைட்ரோகுவினோன், விற்றமின் ஏ குடும்பத்து டிரெட்டினோயின், டெக்சாமெதசோன் என்னும் ஸ்டிரோயிட் ஆகிய மூன்றையும் ஒரே களிம்பில் கலந்து கருமையைப் போக்கும் சூத்திரத்தை வெளியிட்டனர். அதே ஆண்டில், தென்னாபிரிக்காவில் ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்காகப் பூசிய பெண்களின் கன்னத்தில், மருந்து போக்க வேண்டிய கருமையைவிடக் கொடிய, நீலம் பாய்ந்த கரி நிறம் நிரந்தரமாகப் படிந்துவிட்டதை ஃபின்ட்லே என்னும் வைத்தியர் அறிவித்தார். அதே ஆண்டில், இந்தியச் சந்தைக்கு ஃபெயார் அண்ட் லவ்லி வந்தது. 2020இல் ஃபெயார் என்னும் சொல்லைக் கைவிட்டு அது பெயர் மாறியது. அதன் நெடுங்கால அடிப்படை மேலே சொன்ன நியாசினமைட்தான் என்பதால், பொருளைக் காட்டிலும் விளம்பரமே அதிகத் தீங்கு செய்தது என்பேன். அந்த விளம்பரம் வளர்த்த ஆசைக்குள்தான் பாதரசமும் ஸ்டிரோயிட்டும் நுழைந்தன.

பாதரச உப்பு, மெலனினை ஆக்கும் நொதியின் செப்பை விலக்கி அதனை முடக்குகிறது. ஆகவே சில நாட்களிலேயே முகம் வெளுக்கும். தோல் வழியாகவும், ஆவியாகச் சுவாசத்தின் வழியாகவும் உட்சென்று, பூசியவரின் சிறுநீரகத்தையும், அதே அறையில் உறங்கும் குழந்தையையும் அது தொடும். ஒரே அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் உறங்கும் லயத்தில் இதன் பொருள் என்னவென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. கேரளத்தின் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்ரெம்பர் வரை சிறுநீரகச் சவ்வு நோய் கண்ட 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தபோது, 15 பேருக்கு ஒரு தனிவகை நோய் இருப்பதும், அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள் என்பதும் வெளிப்பட்டன. பூசுவதை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதும் இலங்கையும் அங்கம் வகிப்பதுமான மினமாட்டா உடன்படிக்கை, 2013இல் கிறீமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குவரை பாதரசத்தைப் பொறுத்துக்கொண்டது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அந்தச் சலுகையையும் நீக்கிவிட்டன. ஆனால் ஊர் ஊராக வரும் பெட்டிக்குள் பாதரசம் எனும் பெயர் எழுதியிருப்பதில்லை. உறையில் வெள்ளி, தங்கம், அலுமினியம், றப்பர் ஆகியவற்றின்மேல் படவிடாதீர் என்று ஓர் எச்சரிக்கை காணப்படுமானால் அதனை வாங்காதிருப்பது உத்தமம்: பாதரசம் உலோகங்களோடு கலந்து அவற்றைக் கெடுப்பது. தோடும் மூக்குத்தியும் கறுக்கும் என்று சொல்லும் கிறீமை, அவற்றை அணிந்த காதுக்கும் மூக்குக்கும் பூசச் சொல்வது எவ்வளவு வினோதம்!

ஸ்டிரோயிட்டின் சங்கதி வேறு. பெட்டாமெதசோனும் குளோபெட்டசோலும் கரப்பான் முதலிய நோய்களில் வைத்தியர் அளவறிந்து தரும் உயர்ந்த மருந்துகள். சில ரூபாவுக்குக் கிடைப்பதாலும், பூசிய மூன்றாம் நாளே அரிப்பும் சிவப்பும் அடங்கி நிறமும் வெளுத்துத் தோன்றுவதாலும், அவை முகக் கிறீமாக உருமாறிவிட்டன. இந்திய வைத்தியர்கள் லஹிரியும் கூண்டுவும் 2008இல், ஸ்டிரோயிட்டால் சேதமடைந்த முகம் என்று ஒரு நோய்க்கே பெயரிட நேர்ந்தது. தோல் மெலிந்து கண்ணாடிபோலாகி, சிவந்த இரத்தக் குழாய்கள் புலப்பட்டு, பருக்கள் கொத்துக்கொத்தாக எழுந்து, பெண்ணின் மோவாயில் மயிர் முளைக்கும். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை கண்டவர் இதனைப் பூசினாலோ, வளையமாயிருக்க வேண்டிய புண் உருவமிழந்து, வைத்தியரே அடையாளம் காண முடியாதவாறு பரவும். சேற்றிலும் நீரிலும் நின்று இரத்தினக்கல் அகழ்பவர்களிடையே, கால்விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கும் இதே தப்பு மருந்து கைமாறுவதுண்டு. பூஞ்சணத்தை அழிக்கும் மருந்தும் ஸ்டிரோயிட்டும் கிருமிகொல்லியும் ஒன்றாய்ச் சேர்ந்த கலவைக் களிம்புகள் இந்த மயக்கத்தை வளர்த்தன.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று முகத்தில் ஸ்டிரோயிட் பூசிவந்தவர், இதனை வாசித்துவிட்டு அஞ்சி, நாளைக்கே குழாயைத் தூக்கி எறிந்தால், மூன்று நான்கு நாளில் முகம் தீப்பற்றியதுபோல் எரிந்து சிவந்து வீங்கும். கிறீம் இல்லாததே காரணம் என்று எண்ணி மீண்டும் அதையே பூசுவார். இந்தச் சுழலிலிருந்து பலர் தாமாக வெளிவர முடிவதில்லை. வீரியம் குறைந்த வகைக்கு மாற்றி, நாள்களை இடைவெளிவிட்டு, சில வாரங்களில் படிப்படியாக விலக்குவதை வைத்தியர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தினபுரி அரசாங்க வைத்தியசாலையின் சரும நோய்ப் பிரிவில் இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. போகிறவர், வீட்டில் மிச்சமிருக்கும் குழாயையும் டப்பாவையும், பெயர் அழிந்திருந்தாலும் வேற்றுமொழியில் இருந்தாலும், வெட்கப்படாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன பூசினீர்கள் என்று வைத்தியர் கேட்கும்போது, வெள்ளைக் கிறீம் என்ற பதிலைக் கொண்டு அவரால் ஒன்றும் செய்ய இயலாது.